ஏணியில் திரும்பும்போது

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோய் விளக்கைப் போட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு கேமுக்குத்தான், அது ஃபியர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பேயும் துப்பாக்கியும் கலந்த கேம் அது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எதையும் தொலைக்கவில்லை.

கேள்வி: சார், பேய் விளையாட்டில் துப்பாக்கி எதற்கு? கையில் ஆயுதம் இருக்கிற தைரியத்தில் பயம் எங்கிருந்து வரும்? நான் கேம் எதுவும் விளையாடியதில்லை, பேய்க்கதை மட்டும் விடாமல் படிப்பேன். அதனால் கேட்கிறேன்.

பதில்: கேம் விளையாடாத நீங்கள்தான் அடிமடியில் கைவைத்திருக்கிறீர்கள். இந்த வகை கேம்களுக்கு இருக்கிற பெரிய சிக்கலே இதுதான்.

பேயைச் சுட முடியும் என்று தெரிந்துவிட்டால் அது பேய் இல்லை, வெறும் குறி. எத்தனை குண்டில் விழும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கணக்கு வந்த இடத்தில் பயம் நிற்காது. அதனால்தான் பல திகில் கேம்கள் ஆயுதமே தருவதில்லை. தந்தாலும் குண்டை எண்ணி எண்ணித்தான் தரும். 2004-ல் வந்த 'டூம் 3' வேறு மாதிரி யோசித்தது. அதில் டார்ச்சையும் துப்பாக்கியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. பார்க்க வேண்டுமானால் சுட முடியாது, சுட வேண்டுமானால் பார்க்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் திட்டித் தீர்த்தவர்கள்தான் அதிகம். 2012-ல் வந்த மறுபதிப்பில் டார்ச்சை உடம்போடு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

டூம் 3 வந்த மறுவருடம், 2005 அக்டோபரில், மோனோலித் ப்ரொடக்‌ஷன்ஸ் என்ற அமெரிக்க ஸ்டூடியோ செய்த ஃபியர் வெளிவந்தது. அவர்கள் செய்தது ஒரு பாகப்பிரிவினை. குண்டெல்லாம் எதிரிச் சிப்பாய்களுக்கு. சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு, முகத்தில் முடி விழ நடந்து வருகிற அல்மா என்ற சிறுமிக்கு ஒன்றும் கிடையாது. அவள் வருகிற நேரத்தில் சுடுவதற்கு ஆளே இருக்காது. அவளையே சுட்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜப்பானியப் பேய்ப்படங்களின் சாயல் இதில் இருப்பதை உருவாக்கியவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். பத்து நிமிடம் நீங்கள் ராஜா. ஒரு பொத்தானை அழுத்தினால் உலகமே மெதுவாகிறது. குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற தடம் தெரிகிறது, சுவரிலிருந்து சிமெண்ட் தூள் பறக்கிறது, எதிரில் இருப்பவன் திரும்புவதற்குள் மூன்று பேரை முடித்துவிடுகிறீர்கள். அப்புறம் புகை அடங்குகிறது. யாரும் இல்லை. காலடிச் சத்தம் உங்களுடையதுதான். கையில் நிறைய குண்டு இருக்கிறது, ஆனால் அடுத்து வரப்போவதற்கு அது உதவாது என்று தெரியும். ஆயுதமே இல்லாமல் நிற்பதைவிட இது மோசமான நிலை.

அந்த ஏணியைச் சொல்லாமல் விட முடியாது. ஆரம்பப் பகுதியிலேயே வருகிறது. மேலிருந்து கீழே இறங்க ஒரு இரும்பு ஏணி. இறங்க வேண்டுமானால் முதுகைக் காட்டித் திரும்பித்தானே இறங்க வேண்டும்? நீங்கள் ஏணியைத் தொட்டதும் கேமே உங்கள் பார்வையைத் திருப்புகிறது. இவ்வளவு நேரம் எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள், இந்த அரை நொடி மட்டும் அது உங்கள் கையில் இல்லை. இரண்டு கையும் ஏணியில், துப்பாக்கி கீழே போய்விட்டது. திரும்பினால், நீங்கள் இப்போதுதான் நடந்து வந்த இடத்தில், அவள் நிற்கிறாள். பாய்வதில்லை, கத்துவதில்லை, சும்மா நிற்கிறாள். கீழே இறங்கித் திரும்பினால் அங்கே இன்னொருவர்.

முதல் தடவை அந்த இடத்தில் என் முழங்கால் மேசையின் அடியில் போய் இடித்ததில் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் இந்தப் பாகப்பிரிவினையை அவர்களே மீறிவிட்டார்கள். சுட்டால் கலைந்துபோகிற ஆவிகள் கூட்டமாக வருகின்றன. ஒரு குண்டுக்கு ஒரு ஆவி. எனக்குப் பயம் போனது அங்கேதான். உங்கள் கேள்விக்கு கேமே சொல்லும் சாட்சி அது.

கேள்வி: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பயந்தாங்கொள்ளி என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு பெரிய வாக்கியமா சார்?

பதில்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த கேமில் அரண்டவன் நான் மட்டும் இல்லை. அந்தச் சிப்பாய்கள் பக்கம் நின்று பாருங்கள். ஏழு பேராகக் கிடங்குக்குள் வருகிறார்கள். விளக்கு அணைந்திருக்கிறது. எங்கோ ஒருவன் இருக்கிறான், கண் மூடித் திறப்பதற்குள் இடம் மாறுகிறான், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கடைசியாக மிஞ்சுகிறவனின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? அவனைப் பொறுத்தவரை அந்தக் கட்டடத்தில் பேய் என்று ஒன்று இருந்தால் அது நான்தான்.

கேள்வி: நான் கணினி அறிவியல் படிக்கிறேன். ஃபியரின் எதிரிகளைப் போல புத்திசாலியான எதிரிகள் இன்றுவரை வரவில்லை என்று சீனியர்கள் சொல்கிறார்கள். 2005-ல் இருந்த கம்ப்யூட்டரில் அது எப்படி முடிந்தது? உண்மையிலேயே அவர்கள் கூடிப் பேசித்தான் சுற்றி வளைக்கிறார்களா?

பதில்: இல்லை, அவர்கள் கூடிப் பேசுவதில்லை. பேசுவது போல நடிக்கிறார்கள். இந்தப் பதிலை எழுதத்தான் எனக்குக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்தக் காலத்து கேம்களில் எதிரியின் மூளை என்பது ஒரு பெரிய வரைபடம். ரோந்து போகிற நிலை, தாக்குகிற நிலை, மறைகிற நிலை, ஓடுகிற நிலை; எதிலிருந்து எதற்கு எப்போது தாவ வேண்டும் என்று ஒவ்வொரு கோட்டையும் ஒரு மனிதர் எழுத வேண்டும். புதிதாக ஒரு செயலைச் சேர்த்தால் பழைய கோடுகள் பத்தை மாற்ற வேண்டும். சிலந்தி வலையில் கை விட்ட கதைதான்.

மோனோலித்தில் இந்த வேலையைச் செய்தவர் ஜெஃப் ஆர்க்கின். அவர் வரைபடத்தை ஏறக்குறைய வீசிவிட்டார். 2006-ல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். 'மூன்று நிலைகளும் ஒரு திட்டமும்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மூன்றே நிலைகள்: ஓரிடத்துக்குப் போவது, ஒரு அசைவைச் செய்து காட்டுவது, ஒரு பொருளைப் பயன்படுத்துவது. மூன்றாவதும் இரண்டாவதின் இன்னொரு வடிவம்தான் என்று அவரே சொல்கிறார். மற்றதெல்லாம் திட்டம்.

திட்டம் என்றால் என்ன? ஒவ்வொரு சிப்பாய்க்கும் சில குறிக்கோள்களும் ஒரு பை நிறைய செயல்களும் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு சீட்டு ஒட்டியிருக்கும். இதைச் செய்ய முன்னால் என்ன இருக்க வேண்டும், செய்தால் என்ன மாறும். சுடு என்ற செயலுக்குத் துப்பாக்கியில் குண்டு இருக்க வேண்டும். நிரப்பு என்ற செயல் செய்தால் துப்பாக்கியில் குண்டு வரும். எதிரியைத் தீர்க்க வேண்டும் என்ற குறிக்கோளிலிருந்து பின்னோக்கிக் கோத்துக்கொண்டே வந்தால் 'நிரப்பு, சுடு' என்று ஒரு சங்கிலி கிடைக்கிறது. கோர்ப்பது அந்தச் சிப்பாயின் வேலை, எழுதியவரின் வேலை இல்லை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு செலவும் வைத்து, குறைந்த செலவில் முடிகிற சங்கிலியை ஏ-ஸ்டார் முறையில் தேடுகிறார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குறுகிய வழி தேடப் பல கேம்களும் பயன்படுத்துகிற அதே ஏ-ஸ்டார்தான், உங்கள் பாடத்திலும் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இது புதுச் சரக்கே இல்லை என்பது. இந்தத் திட்டமிடும் முறையின் பூர்வீகம் 'ஸ்ட்ரிப்ஸ்'. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1971-ல் ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் உருவாக்கியது. அங்கே ஷேக்கி என்று ஒரு ரோபோ இருந்தது. அறைக்கு அறை போய்ப் பெட்டியைத் தள்ளும், அதுவும் நின்று நின்று, யோசித்து யோசித்து. ஏ-ஸ்டார் பிறந்ததும் அதே ஷேக்கி வீட்டில்தான், 1968-ல். தள்ளாடித் தள்ளாடிப் பெட்டி தள்ளிய அந்தக் கிழவனின் பேரப்பிள்ளைகள்தான் மேசையைக் கவிழ்த்துப் போட்டு அதன் பின்னாலிருந்து நம்மைச் சுடுகிறார்கள்.

பலன் எப்படி இருக்கும் என்பதற்கு ஆர்க்கின் காட்டுகிற உதாரணம் ஒரு கதவு. சிப்பாய் உங்களை நோக்கி வருகிறான், கதவைத் திறக்கப் பார்க்கிறான். நீங்கள் மறுபக்கம் நின்று கதவை அடைத்துப் பிடித்திருக்கிறீர்கள். பழைய கேமாக இருந்தால் அவன் விடிய விடியக் கதவோடு முட்டிக்கொண்டு நிற்பான். இவன் திட்டம் தோற்றது என்று குறித்துக்கொண்டு மறுபடி யோசிக்கிறான்: எட்டி உதைக்கிறான். அதுவும் நடக்கவில்லை. மறுபடி யோசிக்கிறான்: ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். 'கதவு அடைத்திருந்தால் ஜன்னல் வழியாக வா' என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பையில் இருந்த செயல்களில் மிச்சம் இருந்தது அது.

சரி, சுற்றி வளைப்பது? இங்கேதான் உங்கள் சீனியர்கள் ஏமாந்த இடம், நானும் பல வருடம் ஏமாந்த இடம். பக்கவாட்டில் சுற்றி வந்து தாக்கு என்று ஒரு கட்டளையே கிடையாது. ஒருவன் மறைந்திருக்கிற இடம் உங்கள் குண்டுக்கு எட்டுகிறது என்றால் அவன் அடுத்த மறைவிடத்தைத் தேடுவான். அது சில நேரம் உங்களுக்குப் பக்கவாட்டில் அமைந்துவிடுகிறது. அவ்வளவுதான். குழுவுக்கென்று இருந்ததும் எளிமையான சில ஏற்பாடுகள்தான்: நீ சுடு, அவன் முன்னே போகட்டும் என்கிற அளவில்.

மிச்சத்தைச் செய்வது குரல். ஒருவனுக்குக் குண்டு பட்டால் அவன் 'ஆ' என்று கத்துவதோடு விட்டிருக்கலாம். அதற்குப் பதில் இன்னொருவன் உன் நிலைமை என்ன என்று கேட்கிறான், இவன் அடிபட்டுவிட்டேன் என்கிறான். நீங்கள் டார்ச்சைப் போட்டால் 'டார்ச்' என்று ஒருவன் கத்துகிறான். அதைக் கேட்டதும் சட்டென்று அணைத்தேனே தவிர, அது வெறும் சத்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டாளிகள் செத்த பிறகு ஒருவன் கூடுதல் ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்பான். யாரையும் அனுப்ப கேமில் ஏற்பாடே இல்லை. நீங்கள் அடுத்த அறைக்குப் போவீர்கள், அங்கே ஏற்கெனவே நின்றிருக்கிற நாலு பேரைப் பார்த்ததும், "அடப்பாவி, ஆளைக் கூப்பிட்டுவிட்டானே" என்று நீங்களே முடிச்சுப் போட்டுக்கொள்வீர்கள். ஆர்க்கின் இதைக் கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அல்மா செய்வதும் இதையேதான் என்று நினைக்கிறேன். மொத்த கேமிலும் அவள் கண்ணில் படுகிற நேரத்தைக் கூட்டினால் ரொம்பக் குறைவு. நடைபாதையின் கோடியில் ஒரு நொடி, கண்ணாடிக்குப் பின்னால் அரை நொடி. இடைப்பட்ட அத்தனை நேரமும் அவளை நடமாட விட்டது நான்.

நீங்கள் ப்ராஜெக்ட்டுக்கு எதையாவது தேடிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டுரையை எடுத்துப் படியுங்கள். கணிதம் பயமுறுத்தாது, நடை இனிமையானது. ஒரே குறிக்கோளைச் சிப்பாய்க்கும் எலிக்கும் கொடுத்துப் பார்க்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். எலியிடம் அதற்கான செயல் எதுவும் இல்லை, பாவம்.

கேள்வி: கதை என்ன என்று ஐந்து வரியில் சொல்லுங்களேன். விளையாட நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

பதில்: பாதிக் கதைதான் சொல்வேன்.

ஆர்மச்சம் என்ற ஆயுத நிறுவனம் (கதையில்தான்) மனத்தாலேயே கட்டளையிடக்கூடிய ஒரு தளபதியையும், அவன் சொன்னபடி ஆடுகிற, ஒரே வார்ப்பில் செய்த சிப்பாய்ப் படையையும் உருவாக்குகிறது. பாக்ஸ்டன் ஃபெட்டல் என்ற அந்தத் தளபதிக்கு ஒருநாள் என்னவோ ஆகிறது, படையோடு கிளம்பிவிடுகிறான். அவனைப் பிடிக்க, அமானுஷ்ய விவகாரங்களுக்கென்றே இருக்கிற ஒரு ராணுவக் குழு அனுப்பப்படுகிறது. குழுவின் பெயரின் முதல் எழுத்துகள்தான் எஃப், இ, ஏ, ஆர். நீங்கள் அதில் புதிதாகச் சேர்ந்தவர். பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. அல்மா அந்த நிறுவனம் சிறு வயதிலேயே அடைத்துவைத்த பெண். அவளுக்கும் ஃபெட்டலுக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்பது மீதிப் பாதி.

அந்த மீதி சொல்லப்படுகிற விதம் அழகானது. அலுவலக மேசைகளில் தொலைபேசிகள் இருக்கும், செய்தி வந்திருப்பதற்கு அடையாளமாகச் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டு. அழுத்தினால் யாரோ யாருக்கோ விட்ட செய்தி. நிறுவனத்தின் பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பயந்து பயந்து எச்சரிக்கிறார்கள். பேசியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. தரையில் ரத்தம், மேசையில் பாதி முடித்த வேலை, தொலைபேசியில் சாதாரணமான அலுவலகக் குரல். எல்லாத் தொலைபேசியையும் அழுத்தாமல் போகிறவர்களுக்குச் சிப்பாய்க் கேம்தான் கிடைக்கும், பேய்க் கேம் கிடைக்காது.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் எல்லோரும் இதைப் பேசுகிறார்களாம், தானும் விளையாடியே தீருவேன் என்கிறான். பழைய கேம்தானே, விடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அமெரிக்கத் தரக்குறியீட்டில் இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஐரோப்பாவில் 18. பழையது என்பதால் அந்த எண் இறங்காது.

பேயைக்கூட விடுங்கள். ஆரம்பக் காட்சிகளிலேயே ஒரு மனிதன் மனித மாமிசம் தின்கிறான். ஒரு துப்பாக்கி ஆளை எலும்புக்கூடாக்கி நிறுத்துகிறது, இன்னொன்று ஆணி போல அடித்துச் சுவரோடு ஒட்டிவைக்கிறது. கெட்ட வார்த்தைகளுக்கும் குறைவில்லை. எனக்கே சில இடங்கள் தேவையில்லாதவை என்றுதான் படுகிறது.

ஆனால் 'அது கெட்ட கேம்' என்ற ஒரே வரியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். அவன் ஏற்கெனவே யாரோ விளையாடுகிற வீடியோவைப் பார்த்திருப்பான், அதில் பயம் வந்த இடம் எது என்று கேளுங்கள். சொல்லிவிட்டான் என்றால் பாதிப் பயம் போய்விடும். சொல்ல மறுத்து வேறு பேச்சுக்குத் தாவினால், இரவில் விளக்கு அணைக்கும்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். இன்னும் ஐந்தாறு வருடம் கழித்து அவனே விளையாடிக்கொள்ளட்டும், கேம் எங்கேயும் போய்விடாது.

கேள்வி: புதுக் கம்ப்யூட்டர், நல்ல கிராபிக்ஸ் கார்டு. ஃபியர் முதலில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் திக்க ஆரம்பித்து அப்புறம் நொண்டுகிறது. இருபது வருடப் பழைய கேமுக்கே இந்தக் கதியா?

பதில்: கார்டைக் குறை சொல்லாதீர்கள், குற்றவாளி உங்கள் கீபோர்டோ மவுஸோ. ஃபியர் அந்தக் காலத்து டைரக்ட்இன்புட் முறையில் இணைத்திருக்கிற உள்ளீட்டுக் கருவிகளை விசாரித்துக்கொண்டே இருக்கும். இன்றைய கீபோர்டும் மவுஸும் ஒரே கருவியாக இருந்தாலும் விண்டோஸிடம் தன்னை ஐந்தாறு எச்ஐடி கருவிகளாக (உள்ளீட்டுக் கருவிகளுக்கான பொதுப் பெயர் அது) காட்டிக்கொள்கின்றன. விசாரணை நீள நீள கேம் தடுமாறுகிறது.

பழைய வைத்தியம், டிவைஸ் மேனேஜருக்குப் போய்த் தேவையில்லாத எச்ஐடி வரிகளை ஒவ்வொன்றாக முடக்குவது. நான் அந்த வைத்தியத்தைச் செய்து, மூன்றாவது வரியில் என் மவுஸையே முடக்கிவிட்டு, டேப் பொத்தானைத் தட்டித் தட்டி அதை மீட்க ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தவன். ஆகவே நீங்கள் ரசிகர்கள் செய்து வைத்திருக்கிற எக்கோபேட்ச் என்ற ஒட்டு நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறைச் சரிசெய்வதோடு, பெரிய திரையில் எறும்பு அளவுக்குச் சுருங்கிப்போகிற எழுத்துகளையும் பெரிதாக்கித் தரும்.

அப்புறம், அமைப்புகளில் 'சாஃப்ட் ஷேடோஸ்' இருக்கிறதே, அதை அணைத்துவிடுங்கள். கோடுகளின் படிக்கட்டு ஓரத்தை வழவழப்பாக்குகிற ஆன்ட்டி-ஏலியாசிங்கும் அதுவும் ஒன்றாக வேலை செய்யாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ஆன்ட்டி-ஏலியாசிங்கைத்தான் எடுப்பேன்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று விளையாடினேன். ஒரே ஆபீஸ், ஒரே கிடங்கு, மறுபடி ஆபீஸ். பயத்தைவிடத் தூக்கம்தான் வந்தது.

பதில்: உங்களோடு சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை. சாம்பல் நிறச் சுவர், அட்டைப் பெட்டி, குழாய், மின்தூக்கி. நடுப்பகுதியில் நானே வந்த வழியில் திரும்பிப் போகிறேனோ என்று பலமுறை குழம்பியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஆபீஸ்களின் தடுப்புகளைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்த அறைக்கும் இரண்டு மூன்று வாசல், எந்தத் தடுப்பையும் சுற்றி ஒரு வழி. மேலே சொன்னேனே, சிப்பாய் அடுத்த மறைவைத் தேடிப் பக்கவாட்டில் வந்து சேர்கிறான் என்று. அதற்கு அறையும் ஒத்துழைக்க வேண்டும். நீளமான ஒற்றை நடைபாதையில் நிறுத்தினால் இதே சிப்பாய் வரிசையில் நிற்கிற மூட்டைதான். அழகைக் கொடுத்து அந்தச் சண்டையை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அது நல்ல வியாபாரமாகத் தோன்றுகிறது, உங்களுக்கு இல்லை. தூங்கி எழுந்து ஆஸ்பத்திரிப் பகுதி வருகிற இரண்டாம் பாகத்தை முயன்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கிறதே, எதை விளையாடலாம், எதை விடலாம்?

பதில்: முதலாவதை விளையாடுங்கள். நேரம் இருந்தால் இரண்டாவது. மூன்றாவதை நண்பர் ஒருவர் கூட இருந்தால் மட்டும்.

வரிசை கொஞ்சம் சிக்கலானது. முதல் பாகத்துக்குப் பிறகு பெயர் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று பிரிந்துபோயிற்று. பெயர் பழைய வெளியீட்டாளரிடம் தங்கிவிட்டது, அல்மாவும் மற்றவர்களும் மோனோலித்தோடு போனார்கள். பெயர் வைத்திருந்தவர்கள் டைம்கேட் ஸ்டூடியோஸை வைத்து 2006-லும் 2007-லும் இரண்டு இணைப்புக் கதைகள் கொண்டுவந்தார்கள். கதை வைத்திருந்தவர்கள் வேறு தலைப்பில் தொடர்ச்சியைச் செய்துகொண்டிருந்தார்கள். 2008-ல் பெயர் திரும்பக் கிடைத்தது, 2009 பிப்ரவரியில் 'ஃபியர் 2: ப்ராஜெக்ட் ஆரிஜின்' வந்தது. இடையில் வந்த இரண்டு இணைப்புகளும் நடக்கவே இல்லை என்று அது பாவித்துக்கொண்டது. சொத்துத் தகராறில் பேய் மாட்டிக்கொண்ட கதை இது ஒன்றுதான் நான் அறிந்தது.

2011-ல் வந்த மூன்றாவதைச் செய்தது வேறு ஸ்டூடியோ, டே 1. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். இரண்டாவது ஆள் யாராக வருகிறார் என்று சொன்னால் முதல் பாகம் கெட்டுவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கலாய்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பேய் வந்தாலும் பயம் வராது, அதனால்தான் நண்பர் இருந்தால் மட்டும் என்றேன். மோனோலித் இப்போது இல்லை. 2025 பிப்ரவரியில் வார்னர் பிரதர்ஸ் அதை மூடிவிட்டது. அதே சண்டைச் சுவை வேண்டுமானால் 2023-ல் வந்த 'ட்ரெபாங் 2' இருக்கிறது. பேய் கொஞ்சம் குறைவு, புகை நிறைய.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்து, எல்லாம் தெரிந்த பிறகும் பயமாக இருக்கிறதா?

பதில்: உங்கள் கடிதங்கள் வந்ததும் பரிசோதிக்கலாம் என்று மறுபடி போட்டேன். முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கின்றன. சிப்பாய்கள் வெறும் ஏ-ஸ்டார் என்று தெரிந்தும் ஒருவன் 'டார்ச்' என்று கத்தியதும் அணைத்தேன். அப்புறம் ஏணி வந்தது.

எங்கே நிற்பாள் என்று தெரியும். ஏணியின் மேல்பக்கம் நின்றுகொண்டு, டார்ச்சின் பேட்டரி தீருகிற வரை அந்த இடத்தையே பார்த்தேன். வெறும் தரை. அதன் மேல் மூன்று குண்டு சுட்டும் பார்த்தேன். அப்புறம் சேவ் செய்துவிட்டு ஏணியைத் தொட்டேன்.

இந்த முறை முழங்கால் இடிக்கவில்லை. மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.